அரிசி எந்திரம் வாய் திறந்த வாரம்

பணி ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி எழுந்து, “மேடம், உங்க சர்வீஸ்லயே ரொம்பச் சந்தோஷமான நாள் எது?” என்று கேட்டாள். பதவி உயர்வு வந்த நாளைச் சொல்வேன், மிஞ்சிப்போனால் மகள் பிறந்த நாளைச் சொல்வேன் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். நான் யோசிக்கவே இல்லை. “ஒரு பச்சை போர்டுல நாலு துளையக் கண்டுபிடிச்ச நாளு” என்று சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இருந்த என் கணவரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கல்யாண நாளுக்கு மூன்றாவது இடமாவது கொடுத்திருக்கலாம் என்று வீடு வந்து சேரும்வரை புலம்பினார்.

கதையைப் பாதிதான் சொல்ல முடிந்தது. சாப்பாடு ஆறிப்போகும் என்று கைதட்டி என்னை உட்கார வைத்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணும் அவளுடைய கூட்டாளிகளும் மாற்றி மாற்றி போன் செய்கிறார்கள். கையேடு இல்லை, சர்க்யூட் படம் இல்லை, சிப்பின் மேல் எண்கூட இல்லை. அப்புறம் எப்படி மேடம் கண்டுபிடித்தீர்கள் என்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கடற்கரை ஊர்க்காரி. எங்கள் குடும்பத்தில் வள்ளமும் வலையும் பிடித்த கைகள்தான் அதிகம். சால்டரிங் அயர்ன் பிடித்த முதல் கை என்னுடையது. பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். அங்கே ஆசிலாஸ்கோப் என்ற கருவியைத் துணி போட்டு மூடி, அறையையும் பூட்டி வைத்திருப்பார்கள். மூன்று வருடத்தில் நான்கு முறை தொட்டிருப்பேன். பிறகு பாளையங்கோட்டையில் ஒரு டிவி பழுதுபார்க்கும் கடையில் நான்கு வருடம். படித்ததெல்லாம் உண்மையில் அங்கேதான் படித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பெரிய அரிசி ஆலையில் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். பொம்பளைப் பிள்ளைக்கு ஆலையில் என்ன வேலை என்று அங்கே நாலு பேர் கேட்டார்கள். “வேலை தெரியுமான்னு மட்டும் கேளுங்க” என்று ஒரே ஒருவர் சொன்னார். அவர்தான் இசக்கிமுத்து சார், ஆலையின் மின் பிரிவு ஃபோர்மேன். இந்தக் கதையின் நாயகன் அவர்தான், நான் இல்லை.

சாருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலையில் தொடங்கி ஃபோர்மேன் ஆனவர். சிப், பிராசஸர் எதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்ல அவர் வெட்கப்பட்டதும் இல்லை. ஒரு எந்திரத்தைத் திறப்பதற்கு முன் கை கழுவுவார். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டுவார். டெஸ்டரை வைத்துப் பார்த்தபிறகும் நம்பாமல், விரலின் பின்பக்கத்தால் பைய ஒரு தட்டு தட்டுவார். ஏதாவது அளந்தால் உடனே நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதுவார்; ஆலையில் கிழிக்கிற தாளெல்லாம் அவர் பைக்குத்தான் போகும். “கெட்டுப்போச்சு” என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. “கோவமா இருக்கு” என்பார். சந்தோஷம் வந்துவிட்டால் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சின்னதாக ஒரு குதி குதிப்பார். அந்த உடம்புக்கு அந்தக் குதி கொஞ்சமும் பொருந்தாது.

ஆலையில் அரிசி பிரிக்கிற எந்திரம் ஒன்று இருந்தது. அரைத்து வரும் அரிசியில் கறுப்பும் பழுப்புமாகச் சில மணிகள் கலந்திருக்கும். இந்த எந்திரத்தில் அரிசி எட்டுச் சரிவுகளில் வழிந்து விழும். ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு மின்கண் உண்டு. கறுப்பு மணி கண்ணில் பட்டால் காற்றுக் குழல் ‘ப்ஸ்க்’ என்று ஊதி அதை மட்டும் தள்ளிவிடும். முதல் நாள் அதைப் பார்த்தபோது நான் மதியச் சாப்பாட்டையே மறந்து நின்றேன். வெளிநாட்டில் யாரோ ஓட்டிக் கழித்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வந்து இறங்கிய எந்திரம். செய்த கம்பெனியை மூடிவிட்டார்களாம். ஒரு தாள்கூட அதோடு வரவில்லை. அதை வாங்கலாமா வேண்டாமா என்று முதலாளி தயங்கியபோது, “வாங்குங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்” என்று சொன்னவர் இசக்கிமுத்து சார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள்வரை அது தங்கமாக ஓடியது. பூஜைக்காக ஆலை முழுவதையும் கழுவித் துடைத்து, கொதிகலனிலிருந்து தராசுவரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டினோம். கிறிஸ்தவப் பிள்ளையான எனக்கு ஆலையில் அது முதல் ஆயுத பூஜை. வேதக்காரப் பிள்ளை ஒதுங்கி நின்றாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று மற்றவர்களைவிட இரண்டு மடங்கு ஓடி ஓடி வேலை செய்தேன். விடுமுறை முடிந்து வியாழக்கிழமை சுவிட்சைப் போட்டால், எந்திரம் உறுமியது, உள்ளே ஏதோ அசைந்தது, சிவப்பு விளக்கு மூன்று முறை மினுக்கியது, அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே மறுபடி முயன்றது. மறுபடி மூன்று மினுக்கல். அரிசி ஒரு மணிகூட இறங்கவில்லை.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தோம். டியூப் லைட்டை மாற்றினோம். காற்று அழுத்தத்தைப் பார்த்தோம். மின்கண்களின் கண்ணாடியைத் துடைத்தோம். மின்சாரம் கூடிக் குறைகிறதா என்று பார்த்தோம். பல்லி விழுந்திருக்கும் என்றார்கள், தேடினோம், இல்லை. கண்ணு பட்டுவிட்டது என்றார்கள், பூசணிக்காய் உடைத்தோம். அதற்கும் மூன்று மினுக்கல்தான்.

திங்கட்கிழமை காலை முதலாளி எங்களை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், இறக்குவார். அன்றைக்குக் காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

“இசக்கி, சனிக்கிழமை கொல்லத்து யாவாரி வாராரு. மெஷின் ஓடுததக் கண்ணால பாத்துட்டுத்தான் நம்ம அரிசிய எடுப்பேங்காரு.”

“தெரியும் அண்ணாச்சி.”

“நீ சொல்லித்தான இத வாங்குனேன்?”

“ஆமா அண்ணாச்சி. நான்தான் சொன்னேன். சனிக்கிழமைக்குள்ள ஓடலைன்னா நான் வேலைய விட்டு நின்னுக்கிடுதேன்.”

அண்ணாச்சி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாசலுக்கு வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதினாறு வருடம் வேலை பார்த்த இடம் அவருக்கு அது.

“என்ன சார் இப்படிச் சொல்லிட்டீங்க?”

“வாயில வந்துட்டும்மா. வந்தது வந்துட்டு, இனி என்ன செய்ய?” என்று சொல்லிக்கொண்டே மோதிரத்தைக் கழற்றத் தொடங்கினார்.

எந்திரத்தின் மூளை ஒரு பச்சை போர்டு. இட்லித் தட்டு அகலம் இருக்கும். தூசி படாமல் இருக்க மேலே வார்னிஷ் பூசியிருந்தார்கள். நடுவில் பெரிய சிப். அதன் பெயரை யாரோ வேலை மெனக்கெட்டுத் தேய்த்து அழித்திருந்தார்கள். மற்றவர்கள் காப்பியடித்துவிடக்கூடாது என்று அந்தக் காலத்தில் அப்படிச் செய்வது உண்டு. பெயர் தெரியாத ஆளிடம் என்னவென்று பேச்சு கொடுப்பது?

அப்போதுதான் டிவி கடையில் படித்தது ஞாபகம் வந்தது. எந்த போர்டையும் கம்பெனியில் சோதித்துப் பார்க்காமல் பெட்டியில் போட்டு அனுப்ப மாட்டார்கள். சோதிக்கிறவன் தன் கம்பியை மாட்ட ஓர் இடம் வைத்திருப்பான். விற்கும்போது இணைப்பானை மட்டும் எடுத்துவிடுவான். துளைகள் அங்கேயே இருக்கும். இதைத்தான் இப்போது பிள்ளைகள் டீபக் போர்ட் என்கிறார்கள். கோளாறு என்னவென்று பிராசஸர் எழுத்து எழுத்தாக அனுப்பும் வாசல் அது. சாரிடம் சொன்னேன்.

“அப்போ சும்மா கெடக்குத துளையாப் பாத்துத் தேடணும். அப்படித்தானம்மா?”

அப்படித்தான். நானாக இருந்தால் அதைச் சொல்ல ஒரு பக்கம் எடுத்துக்கொண்டிருப்பேன்.

சும்மா கிடந்த துளைகள் மொத்தம் ஐந்து வரிசை. போர்டின் கோடுகள் எங்கே போய் எங்கே முடிகின்றன என்று திங்களும் செவ்வாயும் பார்த்தோம். நான் மல்டிமீட்டரின் ஒரு முனையைத் துளையிலும் மறுமுனையைச் சிப்பின் காலிலும் வைப்பேன். தொடர்பு இருந்தால் ‘கீ’ என்று கத்தும். சார் பன்னிரண்டு நாள்காட்டித் தாள்களை ஒட்டி, போர்டைப் பெரிதாக வரைந்து பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே வந்தார். வெளியே களத்தில் நெல் காயப்போடும் பெண்களின் தலைவி மாடத்தி அடிக்கொரு தரம் எட்டிப் பார்ப்பாள். “ரெண்டு நாளா உள்ள என்ன, குருவிக்குஞ்சு வளக்குதீயளா?” என்று கேட்டுவிட்டுப் போவாள்.

செவ்வாய் மத்தியானம் ஒரு சின்ன வெள்ளி நிறத் தகர டப்பி என் கண்ணில் பட்டது. கிரிஸ்டல் என்போம். பிராசஸருக்குத் தாளம் போட்டுக் கொடுப்பது அதுதான். அதன் நெற்றியில் எண் இருந்தது: 11.0592. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பன்னிரண்டு என்று முழுசாக ஒன்றைப் போட்டிருக்கலாமே! இந்த ஏறுக்குமாறான எண்ணைத் தேடிப் பிடித்துப் போடுகிறவனுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கும்: கம்ப்யூட்டருக்கு எழுத்து அனுப்பும் வேகத்துக்கு அது மிச்சமில்லாமல் வகுபடும். வேறு எதற்கும் அதைச் சீந்த மாட்டார்கள்.

“சார், இது பேசுத போர்டு சார்! சத்தியமா பேசுத போர்டு!” என்று கத்திவிட்டேன்.

சார் என்ன ஏது என்று கேட்கவில்லை. முதலில் ஒரு குதி குதித்தார். அப்புறம்தான், “எப்படிம்மா?” என்றார்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் ஐந்து வரிசையில் நான்கைக் கழித்து ஒன்றில் வந்து நின்றோம். போர்டின் ஓரத்தில், வார்னிஷுக்கு அடியில் நான்கு துளைகள். பிளேடால் பையச் சுரண்டினேன். ஒன்று தரை, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் இடம். மல்டிமீட்டர் கத்திச் சொல்லிவிட்டது. சுவிட்சைப் போட்டுப் பார்த்ததில் இன்னொன்றில் ஐந்து வோல்ட் அசையாமல் நின்றது. மீதி இரண்டிலும்கூட ஐந்து வோல்ட்தான் காட்டியது. எது பேசும் துளை, எது கேட்கும் துளை?

சார் தன் பழைய முள் மீட்டரை எடுத்து வந்தார். என் கையில் இருந்த எண் காட்டும் மீட்டரை அவர் பொருட்படுத்துவதே இல்லை. மூன்றாவது துளையில் முனையை வைத்தார், முள் அசையவில்லை. நான்காவதில் வைத்தார். சிவப்பு விளக்கு மினுக்கியது. முள் ஒரு நடுங்கு நடுங்கியது. மறுபடி மினுக்கியது, மறுபடி நடுங்கியது.

“பேசுதும்மா! ரோசு, இது பேசுது!” என்றார் சார். என் பெயர் ரோஸ்லின். ஆலையில் எல்லோருக்கும் ரோசு.

இத்தனை நாளாக, ஒவ்வொரு மினுக்கலுக்கும் அது தன் குறையை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லை. அதை நினைத்தால் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

எந்த வேகத்தில் பேசுகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு ஆசிலாஸ்கோப் வேண்டும். புதன்கிழமை காலை பாளையங்கோட்டைக்குப் போய், பழைய டிவி கடை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கினேன். அதைப் புடவையில் பொதிந்து, சேரன்மாதேவி வழியாக வரும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் வந்து உற்றுப் பார்த்தார்.

“என்னம்மா இது, டிவியா? லக்கேஜ் போடணும்.”

“டிவி இல்ல அண்ணாச்சி. துடிப்பப் பாக்குத கருவி.”

“ஆஸ்பத்திரிக்கா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்துச் சீட்டுக்காரரை எழுப்பி எனக்கு ஜன்னலோரம் இடம் வாங்கிக் கொடுத்துவிட்டார். கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப் பாலம் வரும்போது, “நோயாளி எப்படி இருக்காரு?” என்று விசாரித்தார். “கோவமா இருக்காரு” என்று சொன்னேன். இன்றுவரை அது பொய் என்று எனக்குத் தோன்றியதில்லை.

ஆசிலாஸ்கோப்பின் திரையில் பச்சைக் கோடு நேராக ஓடியது. சிவப்பு விளக்கு மினுக்கியதும் கோடு கொத்துக் கொத்தாகப் பள்ளம் பள்ளமாக விழுந்தது. அதில் ஆகக் குறுகிய பள்ளத்தைப் பிடித்து அளக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஐம்பது மைக்ரோ வினாடி. அது இரண்டு கட்டத்தைத் துளி தாண்டி நின்றது. நூற்று நான்கு என்று வைத்துக்கொண்டேன். ஒரு வினாடியை அதால் வகுத்தால் ஒன்பதாயிரத்து அறுநூறும் சொச்சமும். கம்ப்யூட்டர்கள் பேசும் வழக்கமான வேகங்களில் ஒன்று ஒன்பதாயிரத்து அறுநூறு. சார் அந்த எண்ணை நாள்காட்டித் தாளில் எழுதி இரண்டு முறை கோடிட்டார்.

ஆலையில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அது அண்ணாச்சியின் அறையில் பூப்போட்ட உறைக்குள் இருந்தது. “வச்ச எடத்துல இருந்து அசைக்கப்பிடாது” என்பது உத்தரவு. எந்திரத்தையும் அசைக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் நெல் காயும் களம். ஆகவே களத்துக்குக் குறுக்கே ஐம்பது அடிக்குக் கம்பி இழுத்தோம். மாட்டுவதற்கு முன்னால் சார் இரண்டு பக்கத் தரைக் கம்பிகளுக்கும் இடையில் மின்சாரம் நிற்கிறதா என்று அளந்து பார்த்தார். எனக்கு அது தோன்றவே இல்லை; தோன்றாமல் மாட்டியிருந்தால் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

வியாழக்கிழமை நான் அலுவலகத்தில் திரை முன்னால். சார் எந்திரத்தின் பக்கத்தில். ஆலை இரைச்சலில் என் சத்தம் அங்கே எட்டாது. களத்தின் நடுவில் மாடத்தி நின்றாள்.

“போடச் சொல்லுங்க!” என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

“சார், பிள்ள போடச் சொல்லுதா!” என்று மாடத்தி கத்தினாள்.

எந்திரம் உறுமியது. திரையில் எழுத்து வரவில்லை. வரிசையாகப் பொம்மைகள் வந்தன! சிரிக்கிற முகம், சீட்டுக்கட்டு இதயம், மறுபடி சிரிக்கிற முகம், நடுவே புரியாத கிறுக்கல்.

“என்ன சொல்லுதுன்னு சார் கேக்காவ!”

“சிரிக்குது மாடத்தியக்கா!”

“சார், மெஷின் சிரிக்குதாம்!”

நெல் கிண்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். சார் களத்தில் ஓடி வந்து திரையைப் பார்த்தார். “சிரிக்கட்டும்மா, அழாம இருந்தாப் போதும்” என்றார். ஆனால் வியாழக்கிழமை முடியப் போகிறது. வெள்ளி ஒரு நாள்தான் பாக்கி.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. டிவியில் சிக்னல் தலைகீழாக வந்தால் வெள்ளை கறுப்பாகும், கறுப்பு வெள்ளையாகும். இங்கேயும் அதுதான் நடக்கிறது. போர்டு சும்மா இருக்கும்போது ஐந்து வோல்ட்டில் நிற்கிறது. கம்ப்யூட்டரோ சும்மா இருக்கும்போது கோடு கீழே இருக்க வேண்டும் என்கிறது. அது மேலே என்பதை இது கீழே என்று படிக்கிறது. ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர் போட்டால் தலைகீழ் நேராகிவிடும். பஸ்ஸிலேயே சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் குடையை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து நிமிட வேலை. பற்றவைத்து மாட்டிவிட்டுக் கத்தினேன். மாடத்தி கத்தினாள். எந்திரம் உறுமியது. திரையில் எழுத்துகள் வந்தன. நல்ல, முழு, ஆங்கில எழுத்துகள்! ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகள். விளக்கு சரி. காற்று சரி. முதல் கண் சரி, இரண்டாவது சரி, மூன்றாவது சரி. அதற்கடுத்து ஒரு வரி: ‘ஒயிட் ரெஃப் ஃபோர் லோ.’ அத்தோடு நின்றது. சிவப்பு விளக்கு மினுக்கியிருக்க வேண்டும். மறுபடி முதலிலிருந்து அதே வரிகள் வந்தன.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் களத்தில் ஓடினேன், காய்கிற நெல்லின் மேலேயே. மாடத்தி வைததுகூடக் காதில் விழவில்லை.

“சார், நாலாவது கண்ணுக்கு வெள்ளை பத்தலையாம்!”

“என்ன வெள்ளை?”

அதுதான் எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் நாலாவது கண்ணின் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு பிளவில் வெள்ளைத் தகடு ஒன்று மடங்கி இருந்தது. எட்டுக் கண்ணுக்கும் அப்படி ஒவ்வொன்று உண்டு. தூசித் தடுப்பு என்று அதுவரை நினைத்திருந்தோம். கையேடு இருந்தால்தானே தெரியும்? எந்திரம் தொடங்கும்போது அந்தத் தகடு கண்ணுக்கு முன்னால் வரும். வெள்ளை என்றால் எது என்று கண் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். மூடி போட்டிருக்கும்போதுதான் தகடு வெளியே வரும், அதனால் அப்படி வருவதை யாரும் பார்த்ததில்லை.

சார் விரலால் தகட்டை வெளியே இழுத்தார்.

நட்ட நடுவில் வட்டமாகச் சந்தனம். அதன் மேல் குங்குமம். காய்ந்து, அம்சமாக இருந்தது.

பூஜைக்கு முந்தின நாள் ஒரு பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே மடங்கி இருந்த அந்தத் தகட்டை நான்தான் இழுத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று, இது மட்டும் வெறும் நெற்றியோடு இருக்கிறதே என்று நினைத்து, கட்டைவிரலால் அழகாக வைத்துவிட்டு, உள்ளே தள்ளி மூடினேன்.

“யாரு வச்சது இது?” என்றார் சார்.

“நான்தான் சார்.”

சார் என்னைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு குலுங்கியது. அரிசி மூட்டையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “எட்டுக் கண்ணுல ஒரு கண்ணுக்கு மட்டும் பொட்டு வச்சிருக்கியேம்மா! மத்த ஏழும் என்ன பாவம் செஞ்சுது?” என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. ஈரத்துணியால் தகட்டைத் துடைத்து, உலர்த்தி, மூடி போட்டுச் சுவிட்சைத் தட்டினோம். ஒரு உறுமல். சிவப்பு விளக்கு இல்லை. பச்சை! எட்டுச் சரிவிலும் அரிசி இறங்கியது. ‘ப்ஸ்க்’ என்று முதல் கறுப்பு மணி தெறித்து விழுந்தபோது, களத்துப் பெண்கள் வாசலில் நின்று குலவை போட்டார்கள்.

குலவைச் சத்தம் கேட்டு அண்ணாச்சி வந்தார். ஓடுகிற எந்திரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு சாரிடம் கேட்டார்.

“என்ன கோளாறு?”

“தூசி அண்ணாச்சி. உள்ள தூசி படிஞ்சுட்டு” என்றார் சார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

அண்ணாச்சியின் முகம் மாறியது. குரல் இறங்கியது.

“தூசியா? ஒரு தூசியக் கண்டுபிடிக்கவா ஒம்பது நாளு? பதினாறு வருஷம் சர்வீஸ் இசக்கி உனக்கு. தூசியக் கூடவா தொடச்சுப் பாக்கல? நீ சொன்ன மாதிரி நின்னுக்கிடுததுதான் ஒனக்கும் மரியாத, எனக்கும் மரியாத.”

சார் தலையைக் குனிந்துகொண்டார். எந்திரத்தை வாய் திறக்க வைத்துவிட்டு, இந்த மனிதர் எனக்காக வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்.

“தூசி இல்ல அண்ணாச்சி!” என்றேன். “நான் வச்ச சந்தனம். ஆயுத பூஜைக்கு உள்ள இருந்த தகட்டுல நான்தான் பொட்டு வச்சேன். சாருக்குத் தெரியாது. அந்தத் தகடு எதுக்குன்னு எங்க ரெண்டு பேத்துக்குமே தெரியாது. இன்னைக்குக் காலையில மெஷினே சொல்லித்தான் கண்டுபிடிச்சோம். போகணும்னா நான்தான் போகணும்.”

“மெஷின் சொல்லிச்சா?”

“ஆமா அண்ணாச்சி. உங்க கம்ப்யூட்டர்ல இப்பவும் இருக்கு. வந்து பாருங்க.”

அண்ணாச்சி என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார்.

“நீ வேதக்காரப் பிள்ளதான? ஒனக்கு எதுக்கு இந்த வேல?”

“அது மட்டும் வெறுமனே இருந்துச்சு அண்ணாச்சி. விட்டுட்டுப் போக மனசு வரல.”

எந்திரம் மட்டும் ‘ப்ஸ்க், ப்ஸ்க்’ என்று ஊதிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கியதில் மீசைதான் இரண்டு முறை அசைந்தது. அறைக்குப் போய் நின்றபடியே திரையில் இருந்த வரிகளை மேலிருந்து கீழ்வரை படித்தார். எங்கள் பின்னால் மாடத்தியும் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இசக்கி,” என்றார் கடைசியில், “திங்கக்கிழம நீ என்னவோ சொன்னியே, நான் சரியாக் கேக்கல. என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி” என்றார் சார்.

“அப்போ சரி. போய் வேலையப் பாரு” என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட உறையை அவரே எடுத்துப் போட்டார்.

சனிக்கிழமை கொல்லத்து வியாபாரி வந்து பார்த்தார், கை நிறைய அரிசியை அள்ளி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு ஒரு கறுப்பு மணி தேடினார், கிடைக்கவில்லை. அவருடைய சந்தோஷத்தைப் பற்றி எனக்கு அதிகம் ஞாபகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசையில் உட்கார்ந்திருந்தேன், பிரசங்கத்தில் ஒரு வார்த்தை மனத்தில் ஏறவில்லை. அண்ணாச்சி மனசு மாறியிருப்பாரோ, இல்லை, சாரே ரோஷப்பட்டு வராமல் இருந்துவிடுவாரோ என்று அதே நினைப்பு.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே போய் ஆலை வாசலில் நின்றேன். சரியாக எட்டு மணிக்கு இசக்கிமுத்து சார் சைக்கிளில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும், “என்னம்மா, இங்கன நிக்க?” என்றார்.

“சும்மாதான் சார்” என்றேன்.